பெட்டி வந்தாச்சு, ஓஎஸ் எது? கேமிங் கணினி கேள்வி-பதில்

தீபாவளி விற்பனை முடிந்து ஒரு வாரம் ஆனால் போதும், எனக்கு வரும் கேள்விகளே மாறிவிடும். அதுவரை எந்த கிராஃபிக்ஸ் கார்டு, எந்த மானிட்டர் என்று கேட்டவர்கள், எல்லாம் வாங்கி மாட்டிய பிறகு "இதில் எந்த ஓஎஸ் போடுவது?" என்பார்கள். கார்டுக்கு மூன்று மாதம் யோசித்தவர்கள் ஓஎஸ்ஸுக்கு, அதாவது கணினியை இயக்கும் விண்டோஸ், லினக்ஸ் போன்ற அடிப்படை மென்பொருளுக்கு, மூன்று நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணா, பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். 80,000 ரூபாய்க்குள் கணினி அசெம்பிள் செய்கிறேன். லினக்ஸ் போட்டால் விண்டோஸ் காசு மிச்சம், எஃப்பிஎஸ்ஸும் (நொடிக்கு எத்தனை காட்சி என்ற வேகக் கணக்கு) கூடும் என்கிறான் நண்பன். நம்பலாமா? – கொளத்தூர்

தம்பி, என்ன விளையாடப் போகிறீர்கள் என்று எழுதவே இல்லையே! கார்டு, ரேம், கேபினட் நிறம் வரை எழுதியிருக்கிறீர்கள், விளையாட்டின் பெயர் மட்டும் இல்லை. இந்தக் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

வேலரண்ட், ஃபோர்ட்நைட், கால் ஆஃப் டியூட்டி, பப்ஜி, இஏ எஃப்சி. இவற்றில் ஒன்றாவது உங்கள் பட்டியலில் இருந்தால் பேச்சே வேண்டாம், விண்டோஸ்தான். கணினிக்கு வேகம் போதாது என்பதல்ல காரணம். ஏமாற்று வேலையைப் பிடிக்கும் ஆன்டி-சீட் மென்பொருள்தான் இங்கே வாசற்காவலர். வேலரண்டின் வேன்கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். கணினி பூட் ஆகும்போதே ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, வேறு யார் உள்ளே நுழைகிறார்கள் என்று பார்க்கும். லினக்ஸில் கெர்னலையே யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதிக்கொள்ளலாம். அப்படிப்பட்ட வீட்டுக்குக் காவல் இருக்க முடியாது என்று அந்த நிறுவனங்கள் ஒதுங்கிக்கொள்கின்றன. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 2024 அக்டோபர் கடைசியில் கதவைச் சாத்திவிட்டார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு ஜிடிஏ ஆன்லைனுக்கும் அதே கதி. இன்று ஓடுவது நாளை ஓடும் என்று உறுதி கிடையாது, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தனியாக உட்கார்ந்து கதை விளையாட்டு ஆடுபவர் என்றால்? நிலைமை தலைகீழ். ஸ்டீம் விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018இல் புரோட்டான் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. விண்டோஸ் விளையாட்டு டைரக்ட்எக்ஸ் மொழியில் கேட்பதை இது வல்கன் மொழிக்கு அந்தந்த நொடியே பெயர்த்து கார்டுக்குச் சொல்லும். 2022இல் வந்த ஸ்டீம் டெக் கையடக்கக் கருவியே லினக்ஸில்தான் ஓடுகிறது என்பதால், வால்வுக்கு இது சொந்தப் பிழைப்பு, அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறார்கள். சைபர்பங்க் 2077, எல்டன் ரிங், ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 எல்லாம் தாராளமாக ஓடும். கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டும் லினக்ஸுக்கென்றே வந்தவை. விளையாட்டு ஒவ்வொன்றும் எப்படி ஓடுகிறது என்று ஆடியவர்களே எழுதும் புரோட்டான்டிபி தளத்தை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எஃப்பிஎஸ் கூடுமா? ஏஎம்டி கார்டு என்றால் ஏறக்குறைய சமம், சில விளையாட்டுகளில் கொஞ்சம் கூடவும் செய்யும். என்விடியா என்றால் டைரக்ட்எக்ஸ் 12 விளையாட்டுகளில் குறையவே வாய்ப்பு அதிகம். உங்கள் நண்பரிடம் என்ன கார்டு என்று கேளுங்கள், ஏஎம்டியாகத்தான் இருக்கும்.

ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கினேன். 500 ரூபாய் கொடுத்தால் 'ஃபுல் ஆக்டிவேஷன்' விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்கிறார் கடைப் பையன். கடையில் ஒரிஜினல் பத்தாயிரம் சொல்கிறார்கள். நெட்டில் 800 ரூபாய்க்கும் கீ கிடைக்கிறது. எதுதான் சரி சார்? – பல்லாவரம்

மூன்றும் மூன்று விதம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அந்த 500 ரூபாய் பெரும்பாலும் ஆக்டிவேட்டர் வேலை, அதாவது லைசென்ஸ் இல்லாத விண்டோஸை லைசென்ஸ் உள்ளதுபோல் காட்டும் திருட்டு மென்பொருள். அதை ஓட்டுவதற்கு முன் விண்டோஸின் வைரஸ் காவலரான டிஃபெண்டரை அணைக்கச் சொல்லும். வீட்டுக்குப் பூட்டுப் போடுகிறேன், முதலில் நாயைக் கட்டிப்போடுங்கள் என்று ஒருவர் சொன்னால் உள்ளே விடுவோமா? உங்கள் ஸ்டீம் கணக்கு, ஜிமெயில், வங்கிக் கடவுச்சொல் எல்லாம் அதே கணினியில்தான் இருக்கப்போகின்றன. அந்தப் பையன் மேல் தப்பில்லை, அவருக்கும் யாரோ கொடுத்த பென்டிரைவ்தான்.

800 ரூபாய் கீ பல நேரம் ஏதோ ஒரு கம்பெனி தன் நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு மொத்தமாக வாங்கிய வால்யூம் கீ. இன்று பச்சை விளக்கு எரியும், ஆறு மாதம் கழித்து 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று மூலையில் எழுத்து வந்தால் விற்றவரைத் தேட முடியாது.

ஒரிஜினலிலும் இரண்டு வகை உண்டு. புதுக் கணினியோடு சேர்த்து விற்கும் ஓஇஎம் லைசென்ஸ் விலை குறைவு, ஆனால் அது மதர்போர்டோடு ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி இடியில் போர்டு போனால் லைசென்ஸும் போச்சு. ரீடெய்ல் கொஞ்சம் கூடுதல், ஆனால் அடுத்த கணினிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். அடிக்கடி பாகம் மாற்றும் ஆள் என்றால் ரீடெய்லே லாபம். யானை வாங்கியவர் அங்குசத்துக்கு ரொம்பவும் கணக்குப் பார்க்க வேண்டாம்.

கையில் இப்போது காசே இல்லையா? மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 11ஐ நேரடியாக இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, கீ கேட்கும் இடத்தைத் தாண்டிப் போய் நிறுவிவிடலாம். வால்பேப்பர், நிறம் எதையும் மாற்ற முடியாது, மூலையில் எழுத்து நிற்கும்; ஆட்டத்தின் வேகம் குறையாது. விதிப்படி இது முறையான பயன்பாடு இல்லை, பணம் சேர்ந்ததும் லைசென்ஸ் வாங்கிவிடுங்கள். ஆனாலும் ஆக்டிவேட்டரைவிட ஆயிரம் மடங்கு பத்திரம்.

அப்புறம், வீட்டில் பழைய கணினிக்கு வாங்கிய விண்டோஸ் 10 ரீடெய்ல் கீ இருக்கிறதா என்று பரணைத் தேடிப் பாருங்கள். அது 11க்கும் செல்லும். விண்டோஸ் 7, 8 கீக்களுக்கு இருந்த வழியை 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள்.

ஹோம் போதுமா, ப்ரோ வேண்டுமா? – வேளச்சேரி

ஹோம். விளையாட்டில் ஒரு எஃப்பிஎஸ்கூட வித்தியாசம் வராது. ப்ரோவில் கிடைக்கும் ரிமோட் டெஸ்க்டாப், ஹைப்பர்-வி போன்றவை உங்கள் வேலைக்குத் தேவை என்றால், அது உங்களுக்கே தெரிந்திருக்கும். என்னைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

எனக்கு விண்டோஸ் 10தான் பழக்கம். 11இல் டாஸ்க்பாரே பிடிக்கவில்லை. புதுக் கணினியிலும் 10ஏ போட்டால் என்ன? – திருவொற்றியூர்

டாஸ்க்பார் விஷயத்தில் நானும் உங்கள் கட்சி. ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. பழைய கணினி வைத்திருப்பவர்களுக்காக 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு கொடுத்தார்கள், அவ்வளவுதான். இன்டெல்லின் புதிய சிப்களில் பெரிய கோர், சிறிய கோர் என்று இரண்டு வகை இருக்கும். எந்த வேலையை எதற்குக் கொடுப்பது என்று பிரிப்பதிலும் 11தான் தேர்ந்தது. புதுக் கணினியில் 10 போடுவது, புது வீட்டுக்குப் பழைய மின்கம்பியை இழுப்பது மாதிரி.

புதுக் கணினி, புது விண்டோஸ் 11. வேலரண்ட் மட்டும் 'வி.ஏ.என். 9003' என்று சொல்லி வெளியே தள்ளுகிறது. மூன்று நாளாகத் தூக்கமில்லை அண்ணா. – தாம்பரம்

இன்றிரவு தூங்கலாம். அது செக்யூர் பூட், அதாவது கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் உள்ளே விடும் காவல், அணைந்திருக்கிறது என்பதற்கான எண். விண்டோஸ் 11இல் வேலரண்டுக்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, செக்யூர் பூட் இரண்டும் வேண்டும்.

உடனே மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் குதிக்காதீர்கள். ஸ்டார்ட்டில் 'எம்எஸ்இன்ஃபோ32' தட்டி, பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். யுஇஎஃப்ஐ (புதிய முறை) என்று இருந்தால் வேலை சுலபம்: பயாஸில் செக்யூர் பூட்டை இயக்குங்கள். டிபிஎம் அணைந்திருந்தால் அதையும் இயக்குங்கள். ஏஎம்டி போர்டில் அது எஃப்டிபிஎம், இன்டெல் போர்டில் பிடிடி என்ற பெயரில் ஒளிந்திருக்கும். லெகசி (பழைய முறை) என்று இருந்தால் கொஞ்சம் பொறுமை வேண்டும். பழைய பென்டிரைவிலிருந்து பழைய முறையில் நிறுவியிருக்கிறார்கள், வட்டின் பிரிவினை எம்பிஆர் என்ற பழைய வகையில் இருக்கும். அதைப் புதிய வகையான ஜிபிடி ஆக்காமல் பயாஸில் கைவைத்தால் விண்டோஸே எழுந்திருக்காது. மாற்றுவதற்கு விண்டோஸிலேயே 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி இருக்கிறது. ஆனால் புதுக் கணினியில் இழக்க என்ன இருக்கிறது? யுஇஎஃப்ஐ முறையில் மறுபடி நிறுவிவிடுங்கள், அரை மணி நேர வேலை.

மூத்தவளுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப்பில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. இளையவன் இப்போது கேமிங் கணினி கேட்கிறான். படிப்புக்கு லினக்ஸ் வேண்டும் என்றும் சொல்கிறான். அதே போல இரண்டையும் போட முடியுமா? – அம்பத்தூர்

முடியும் அம்மா. அந்த பாஸ் லினக்ஸ் நம் சென்னையில், மத்திய அரசின் சி-டாக் கணினி ஆய்வு மையத்தில் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து உருவானதுதான். பலர் ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமலே லேப்டாப் ஆயுள் முடிந்தது என்பது வேறு கதை.

ஒரு யோசனை சொல்கிறேன். ஒரே வட்டைப் பிரித்து இரண்டையும் போடுவதைவிட, சின்னதாக இன்னொரு எஸ்எஸ்டி வாங்கி அதில் லினக்ஸைப் போடச் சொல்லுங்கள். லினக்ஸ் நிறுவும்போது விண்டோஸ் இருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துவிட்டால் ஒன்றை ஒன்று மிதிக்காது. எது வேண்டுமோ அதைக் கணினி தொடங்கும்போது தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பையன் வேலரண்ட் ஆடுபவன் என்றால் செக்யூர் பூட்டை அணைக்க முடியாது. உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகள் அது இயங்கும்போதும் பூட் ஆகும். விளையாட்டையும் லினக்ஸிலேயே முயன்று பார்க்க ஆசைப்பட்டால் விளையாட்டுக்கென்றே அமைத்த பஸைட் லினக்ஸ் நல்ல தேர்வு.

ஒருநாள் "அம்மா, கணினியில் கடிகாரம் கெட்டுப்போச்சு" என்று வந்து நிற்பான். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும், விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று நினைத்துப் படிக்கும். பேட்டரி மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் காசு கொடுக்காதீர்கள். உள்ளூர் நேரத்தையே பயன்படுத்தும்படி லினக்ஸுக்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் தீர்ந்தது.

'லைட்' விண்டோஸ் என்று நெட்டில் கிடைக்கிறதே, தேவையில்லாததை எல்லாம் நீக்கியது? எஃப்பிஎஸ் பறக்குமாமே! – பெரம்பூர்

பறக்காது. மாவு இருக்கிற மாதிரிதான் பணியாரம். எஃப்பிஎஸ் வருவது உங்கள் கார்டிலிருந்து. 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்புக்கு அப்படி இளைத்த விண்டோஸ் உதவலாம், 16 ஜிபி ரேம் வைத்திருப்பவருக்கு எதற்கு? எதை நீக்கினார், எதைச் சேர்த்தார் என்பது செய்தவருக்கே வெளிச்சம். அப்டேட், ஸ்டோர், டிஃபெண்டர் எல்லாம் போயிருக்கும். மைக்ரோசாஃப்டின் விளையாட்டுச் சந்தாவான கேம் பாஸ் நிறுவப் போகும்போதுதான் தெரியும்.

உண்மையிலேயே கொஞ்சம் வேகம் வேண்டும் என்றால், விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் கோர் ஐசொலேஷன் பகுதியில் மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒன்று இருக்கும். சில கணினிகளில் அது ஆட்டத்தைக் கொஞ்சம் இழுக்கும் என்று மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டு, விளையாடும்போது அணைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறது. பாதுகாப்பு குறையும், ஆடி முடித்ததும் மறுபடி இயக்குங்கள்.

மேக் வாங்கி கேமிங் செய்யலாமா? – மயிலாப்பூர்

வேலைக்கு மேக் வாங்கிவிட்டு, சும்மா இருக்கும்போது ஆடலாம். கேமிங்குக்காகவே வாங்காதீர்கள். ஆப்பிளின் சொந்த சிப் உள்ள மேக்கில் பூட் கேம்ப் கிடையாது, அதாவது பழைய மேக் போல விண்டோஸை நேரடியாகப் போட வழியில்லை.

விண்டோஸ் போட்டாகிவிட்டது சார். முதல் நாளே செய்ய வேண்டியது என்ன? – ஆவடி

நிறுவும்போதே நெட் இல்லை என்று அது நின்றிருக்குமே? புது மதர்போர்டுகளின் வைஃபை டிரைவர் பல நேரம் விண்டோஸுக்குள் இருக்காது. கைபேசியை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டு அதன் நெட்டைக் கொடுத்தால் போதும்.

ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, மைக்ரோசாஃப்ட் கணக்கு யாருடையது என்பதை. என் தம்பி மகனின் கணினியில் பட்ட பாடு இது. கடையில் விண்டோஸ் போட்ட பையன் அவசரத்துக்குத் தன் மின்னஞ்சலையே கொடுத்து உள்ளே போயிருக்கிறான். இப்போது வரும் விண்டோஸ் 11, கணக்கோடு நுழைந்தால் வட்டைத் தானாகவே என்கிரிப்ட் செய்து பூட்டிவிடும். சாவி அந்தக் கணக்கில் போய் உட்காரும். எட்டு மாதம் கழித்து நான் பயாஸ் அப்டேட் செய்தேன், உடனே 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நீலத்திரை. கடைப் பையன் வேலையை விட்டுக் கோயம்புத்தூர் போய்விட்டான். அவன் எண்ணைக் கண்டுபிடித்து, அவன் பழைய கடவுச்சொல்லை நினைவுபடுத்திக்கொள்வதற்குள் நான்கு நாள். உங்கள் கணக்கில் அந்தக் கீ இருக்கிறதா என்று இன்றே பார்த்து, ஒரு காகிதத்திலும் எழுதி வையுங்கள்.

பிறகு கிராஃபிக்ஸ் டிரைவரை என்விடியா அல்லது ஏஎம்டி தளத்திலிருந்தே இறக்குங்கள். பயாஸில் ரேமுக்கு எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற வேக அமைப்பை இயக்குங்கள், இல்லையென்றால் காசு கொடுத்த வேகத்தில் ரேம் ஓடாது. டிஸ்ப்ளே அமைப்புக்குள் போய் ரெஃப்ரெஷ் ரேட் (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறது என்பது) பாருங்கள். 165 ஹெர்ட்ஸ் மானிட்டரை ஒரு வருடமாக 60இல் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஒருமுறை கேபினட்டின் பின்னாலும் எட்டிப் பாருங்கள். மானிட்டர் கேபிள் மேலே மதர்போர்டில் மாட்டியிருந்தால், கழற்றிக் கீழே கிராஃபிக்ஸ் கார்டில் மாட்டுங்கள்.