மகனுக்கு மருந்தில்லை, அப்பாவுக்கு மூன்று மாதக் குளிசை: இரண்டும் நிமோனியாதானே?

தம்பலகாமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "இந்த மாரியில் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு நிமோனியா. நாலு வயது மகனுக்கு மூக்கொழுகித் தொடங்கி, பிறகு இருமலும் இளைப்பும். சி.ஆர்.பி. (உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) 14. வைரஸ் என்று சொல்லி, இரண்டு நாள் ஒட்சிசன் வைத்துவிட்டு, அன்டிபயோட்டிக் இல்லாமலே வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்பாவுக்கு 61 வயது, சீனி வருத்தம், வயல் வேலை. அவருக்கு சி.ஆர்.பி. 212. இரத்தக் கல்ச்சரில் (இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) மெலியோயிடோசிஸ் என்ற பக்டீரியா நோய் என்று வந்தது. இரண்டு கிழமை ஊசி, இப்போது மூன்று மாதத்துக்குக் கோட்ரைமொக்சசோல் குளிசை. 'காய்ச்சல் விட்டிட்டுது, இனி ஏன் குளிசை?' என்கிறார். மகனுக்கு இன்னும் இருமல் நிற்கவில்லை. அப்பாவின் குளிசையில் கொஞ்சம் அவனுக்குக் கொடுக்கலாமா? எதிர்ப்புச் சக்தி கூட என்ன கொடுக்கலாம்?"

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு அந்தக் குளிசையைக் கொடுக்க வேண்டாம். அப்பா அதில் ஒரு வேளைகூடத் தவறவிட வேண்டாம். ஏன் என்று விளக்குகிறேன். காரணம் தெரிந்தால்தான் காய்ச்சல் இல்லாத மனிதனுக்கு மூன்று மாதம் குளிசை விழுங்க மனம் வரும்.

நிமோனியா என்பது ஒரு கிருமியின் பெயர் அல்ல. நுரையீரலின் சிற்றறைகளில் அழற்சி வந்தால், எந்தக் கிருமியால் வந்தாலும் அந்தப் பெயர்தான். ஆனால் உள்ளே வந்தது யார் என்பதைப் பார்த்து உடல் வேறு வேறு ஆட்களை அனுப்புகிறது. உங்கள் கையிலுள்ள இரண்டு ரிப்போர்ட்டிலும் இருப்பது அந்த இரண்டு சண்டைகளின் தடயம்.

நியூமோகொக்கஸ் போன்ற சாதாரண பக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். சிற்றறைகளில் எப்போதும் மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் கலங்கள் காவலிருக்கும். பக்டீரியா அவற்றின் சக்திக்கு மீறிப் பெருகினால் அந்தக் காவல் கலங்கள் இரசாயனச் செய்திகளை விடும். உடனே நியூட்ரோபில் என்ற வெண்குருதிக் கலங்கள் இரத்தக் குழாயின் சுவரை நெருக்கிக்கொண்டு கூட்டம் கூட்டமாகச் சிற்றறைக்குள் இறங்கும். காற்று இருக்க வேண்டிய இடத்தில் சீழும் நீரும் நிறையும். எக்ஸ்ரேயில் ஒரு பக்கம் வெள்ளையாகத் தெரிவது அதுதான். செங்குருதிக் கலங்களும் கசிந்து கலந்தால் சளி இரும்புத் துரு நிறத்தில் வரும்.

அந்தச் செய்திகளில் ஒன்று ஈரலுக்குப் போய் சி.ஆர்.பி. புரதத்தை உண்டாக்கச் சொல்லும். 1930 இல் இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்ததே நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில்தான். நியூமோகொக்கஸின் 'சி' என்ற பகுதியோடு அது போய் ஒட்டியதால் பெயரில் அந்த 'சி' வந்தது.

வைரஸோடு நடக்கும் சண்டை இப்படியல்ல. வைரஸ் நம் கலத்துக்குள் புகுந்து, அதன் உறுப்புகளை வைத்தே பெருகுகிறது. நியூட்ரோபில் வந்தாலும் வெளியே விழுங்குவதற்குப் பெரிதாக ஒன்றும் இராது. அதனால் பாதிக்கப்பட்ட கலமே இன்டர்பெரோன் என்ற பொருளை விட்டுப் பக்கத்துக் கலங்களை எச்சரிக்கும். அவை வைரஸ் பெருக விடாமல் தங்களைத் தயார்ப்படுத்திக்கொள்ளும். சில நாட்களில் டி கலங்கள் என்ற இன்னொரு வகை வெண்குருதிக் கலங்கள் வந்து, வைரஸ் இருக்கும் கலங்களை அப்படியே அழிக்கும். உங்கள் மகனின் இருமல் நிற்காததற்கும் இதுதான் காரணம். வைரஸ் போய்விட்டாலும், அழிந்த உட்தோல் திரும்ப வளர வேண்டும். மூன்று நாலு கிழமை இருமுவது வழமை. அப்பாவின் குளிசை, பக்டீரியா தனக்கு வேண்டிய போலேட் என்ற விற்றமினைத் தயாரிப்பதைத் தடுக்கும் மருந்து. வைரஸ் அதைத் தயாரிப்பதே இல்லை. பலன் இல்லாததோடு, அபூர்வமாகச் சிலருக்குத் தோலே உரியும் அளவுக்கு ஒவ்வாமையும் வரலாம்.

சரி, சி.ஆர்.பி. குறைவென்றால் வைரஸ், கூடவென்றால் பக்டீரியா என்று முடிவுகட்டலாமா? கூடாது. பக்டீரியா தொற்றினாலும் முதல் சில மணித்தியாலம் எண் ஏறாது. உச்சிக்குப் போக இரண்டு நாள் வரை எடுக்கும். அடினோவைரஸ் சில பிள்ளைகளில் அதை நன்றாகவே ஏற்றிவிடும். மைக்கோபிளாஸ்மா என்றொரு பக்டீரியாவும் உண்டு. அதற்குக் கலச்சுவரே இல்லாததால், கலச்சுவரைத் தாக்கும் அமொக்சிசிலின் என்ற அன்டிபயோட்டிக் வேலை செய்யாது. வைத்தியர் எண்ணையும் பார்ப்பார், பிள்ளையையும் பார்ப்பார். என்னிடம் வருபவர்கள் ரிப்போர்ட்டைத்தான் முதலில் நீட்டுவார்கள். நான் முதலில் கேட்பது, என்ன தொழில் என்று.

அப்பாவின் விஷயத்தில் அந்தக் கேள்விதான் முக்கியம். மெலியோயிடோசிஸ் கிருமி சேற்றிலும் நீரிலும் வாழ்வது. இலங்கையில் இந்த நோய் 1927 இலேயே பதிவாகியிருக்கிறது. கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயலில், வாடைமழைக்குள், வெறுங்காலோடு வரம்பு கட்டும் ஒருவர். காலில் சின்னக் கீறல். உடம்பில் கட்டுப்படாத சீனி. இந்தக் கிருமிக்கு இதைவிட வசதி வேண்டாம். பலத்த மழையில் கிளம்பும் துளிகளை மூச்சோடு இழுத்தாலும் தொற்றலாம்.

இதுவும் பக்டீரியாதான், நியூட்ரோபில்களும் வரும், சி.ஆர்.பி.யும் ஏறும். ஆனால் விழுங்கப்பட்ட பிறகும் இது சாவதில்லை. விழுங்கிய கலத்தின் பையை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, அந்தக் கலத்துக்குள்ளேயே பெருகும். பிறகு பக்கத்துக் கலத்தோடு அதை ஒட்டவைத்து, வெளியே தலைகாட்டாமலே அடுத்த கலத்துக்குப் போய்விடும். பொதுமதிலை இடித்து வீட்டுக்கு வீடு போகிற மாதிரி. தெருவில் காவல் நிற்கும் பிறபொருளெதிரிகளுக்கு (இரத்தத்தில் கிருமியோடு ஒட்டும் அன்டிபொடி புரதங்கள்) அது தெரியாது. அதைப் பிடிக்க டி கலங்கள் வேண்டும், அதற்கு நாளெடுக்கும். சீனி கூடிய இரத்தத்தில் நியூட்ரோபில்களும் மந்தம்: இடத்துக்குப் பிந்தி வரும், வந்தாலும் சரியாகக் கொல்லாது.

ஊசியால் இரத்தத்திலும் நுரையீரலிலும் பெருகிக்கொண்டிருந்த கூட்டம் அடங்கியது, காய்ச்சல் விட்டது. ஒளிந்திருக்கும் மிச்சத்துக்குத்தான் குளிசை, குறைந்தது மூன்று மாதம். இடையில் நிறுத்தியவர்களுக்கு இது திரும்ப வருவதுண்டு, மாதங்கள் கழித்தும் வரும். இதை அப்பாவிடம் அப்படியே வாசித்துக் காட்டுங்கள். குளிசை எடுக்கும் காலத்தில் இரத்தப் பரிசோதனைக்கு வரச்சொன்னால் தவறாமல் போகவேண்டும். தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் தானாக நிறுத்திவிட்டு வீட்டில் இருக்காமல், அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும்.

அப்புறம் அந்த எதிர்ப்புச் சக்தி. நிமோனியாவில் பல நேரம் ஆளை மோசமாக்குவது எதிர்ப்புக் குறைவு அல்ல, கட்டுமீறிய எதிர்ப்பு. கொவிட் காலத்தில், 2020 இல், ஒட்சிசன் தேவைப்பட்ட நோயாளிகளின் உயிரைக் காத்த மருந்துகளில் ஒன்று டெக்சாமெதசோன். அது எதிர்ப்பை அடக்கும் மருந்து. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் நன்மை கிடைக்கவில்லை. ஆகவே 'சக்தி கூட்டும்' பானங்களுக்குக் காசைக் கொட்டாதீர்கள். அப்பாவுக்கு உண்மையான எதிர்ப்புச் சக்தி, சீனியைக் கட்டுக்குள் வைப்பது. மகனுக்கு வழமையான சாப்பாடு, தண்ணீர், நித்திரை, புகையில்லாத அறை. நுளம்புச் சுருளையும் விறகடுப்புப் புகையையும் அவன் படுக்கும் இடத்துக்கு அண்டவிடாதீர்கள்.

அவன் தூங்கும்போது சட்டையை உயர்த்தி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்கள். அவன் வயதில் 40 அல்லது அதற்கு மேல் என்றால், அல்லது மூச்செடுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்ளிழுத்தால், விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். காய்ச்சல் விட்டு, நன்றாக விளையாடி, திரும்பக் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். வைரஸ் புண்ணாக்கிய இடத்தில் பக்டீரியா புகுந்திருக்கலாம், அப்போது அவனுக்கும் அன்டிபயோட்டிக் தேவைப்படும்.

அப்பா வயலுக்குத் திரும்பும்போது முழங்கால்வரை பூட்ஸ் போடட்டும். காலில் புண் இருந்தால் ஆறும்வரை சேற்றில் இறங்க வேண்டாம். இனி எந்த வைத்தியரிடம் எந்தக் காய்ச்சலுக்குப் போனாலும், வாய் திறந்ததும் சொல்லவேண்டியது: "எனக்கு மெலியோயிடோசிஸ் வந்தது, சீனி இருக்கு, வயல் செய்யிறன்."