டிஎம்எஸ் சிகிச்சைக்கு மொத்தப் பணத்தையும் முன்பே கட்டலாமா?

கேள்வி: திருமங்கலத்தில் மளிகைக்கடை நடத்துகிறேன். மனைவிக்கு இரண்டு ஆண்டுகளாக மனச்சோர்வு. இரண்டு மருந்து மாற்றியும் முழுதாகத் தேறவில்லை. டிஎம்எஸ் என்ற காந்தத் தூண்டல் சிகிச்சையைப் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். மதுரையில் ஒரு மையத்தில் 30 சிட்டிங்குக்கு 75,000 ரூபாய். மொத்தமாக முன்பே கட்டினால் 66,000. எஃப்டியில் 60,000 ரூபாயும், 5 லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடும் உள்ளன. காப்பீட்டில் கிடைக்குமா? நகையை அடகு வைக்கட்டுமா?

பதில்: காப்பீட்டை நம்பி இறங்காதீர்கள். உடல்நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். ஆனால் டிஎம்எஸ்ஸுக்கு மயக்க மருந்து கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டு அப்போதே வீடு திரும்பலாம். எனவே ஓபி கணக்கில் போய்விடுகிறது. முழங்கால் வலிக்கு ஓபியில் பிசியோதெரபி எடுத்தாலும் சாதாரண பாலிசி தராது. இங்கும் அதே நிலைதான். பாலிசியில் ஓபி சலுகை உண்டா என்று பாருங்கள். இருந்தால் மருத்துவரின் கடிதத்தோடு மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு. 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர். கட்டணம் இல்லை.

"இரண்டு நாள் அட்மிஷன் போட்டுத் தருகிறோம், கிளைம் பண்ணிக்கொள்ளுங்கள்" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பொய்க் கிளைம் என்று தெரிந்தால் பாலிசியே ரத்தாகலாம். அதேபோல் பாலிசியின் நவீன சிகிச்சைப் பட்டியலைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். அதில் இருக்கும் 'டீப் பிரெயின் ஸ்டிமுலேஷன்' மூளைக்குள் மின்முனை பொருத்தும் அறுவை சிகிச்சை, டிஎம்எஸ் அல்ல.

அடுத்து அந்த 9,000 ரூபாய்த் தள்ளுபடி. வேண்டாம். இந்தச் சிகிச்சை எல்லோருக்கும் பலிப்பதில்லை. தலைவலி, தலைத்தோலில் வலி வரும். பெரும்பாலும் சில நாளில் குறையும், சிலர் தாங்காமல் நிறுத்துவார்கள். 12 சிட்டிங்கில் நின்றால் அப்போதைக்கப்போது கட்டியவருக்கு 30,000 செலவு. முன்பே கட்டியவர் 66,000-இல் மீதியைத் திரும்ப வாங்க நடையாய் நடக்க வேண்டும். வாரம் 5 சிட்டிங், 12,500 ரூபாய் என்று கட்டுங்கள். வட்டியில்லா இஎம்ஐ என்றாலும் கவனம்: கடன் நிறுவனம் முழுப் பணத்தையும் மையத்துக்குக் கொடுத்துவிடும், சிகிச்சை நின்றாலும் தவணை நிற்காது.

எஃப்டியைத் துடைத்தெடுக்காதீர்கள், கடைக்கு வேறு கையிருப்பு இல்லையே. அதில் 25,000 எடுங்கள். மீதி 50,000-க்கு வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ நகைக்கடன். 9 சதவீதம் என்றால் மாத வட்டி 375 ரூபாய். அதையும் பாதிச் சிகிச்சையில் பலன் பார்த்தபிறகு வாங்கினால் போதும். ஆறு வாரப் பேருந்துச் செலவையும், கடையைப் பூட்டும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். சிலருக்குப் பின்னால் மறுசிட்டிங் தேவைப்படும்.

மையத்தில் இவற்றைக் கேளுங்கள். மனநல மருத்துவர் அங்கேயே இருப்பாரா? முதல் நாள் கட்டைவிரல் துடிக்கும் அளவை வைத்துக் காந்த வலிமையைக் கணிப்பார்கள். அதற்குத் தனிக் கட்டணமா? எந்த முறை? வழக்கமான முறைக்கு 20 முதல் 40 நிமிடம் ஆகும். காந்தத் துடிப்புகளைக் கொத்துக் கொத்தாக வேகமாகக் கொடுக்கும் தீட்டா பர்ஸ்ட் முறைக்குச் சுமார் 3 நிமிடம். இந்த 3 நிமிட முறை பலனில் குறைந்ததல்ல என்று 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கனடிய ஆய்வு காட்டியது. 3 நிமிடத்துக்கும் அதே 2,500 என்றால் பேரம் பேசுங்கள். 10, 20 சிட்டிங் முடிந்ததும் மதிப்பெண் படிவத்தில் முன்னேற்றத்தை அளப்பார்களா என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். தலையில் உலோகக் கிளிப், காது உள்வைப்பு, எப்போதாவது வலிப்பு வந்தது எதுவானாலும் பணம் கட்டுமுன் சொல்லிவிடுங்கள்.

கட்டுமுன் அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவில் இரண்டாவது கருத்து கேளுங்கள். பெங்களூரிலுள்ள நிமான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனையிலும் இந்தச் சிகிச்சை உண்டு. ஆனால் ஆறு வார அறை வாடகை மிச்சத்தைத் தின்றுவிடும்.

மனைவி சாப்பிடாமல் கிடந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ இந்தக் கணக்கெல்லாம் தள்ளிவையுங்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி-மானஸ் 14416 எண் எந்நேரமும் இலவசம். அந்நிலையில் வேகமாகப் பலன் தரக்கூடியது இசிடி என்ற மின்னதிர்வுச் சிகிச்சை. அதை அட்மிஷனில் கொடுத்தால் உங்கள் காப்பீட்டில் கேட்க வழி உண்டு. நோய்க்குப் பிறகு எடுத்த பாலிசி என்றால் மட்டும் காத்திருப்புக் காலம் முடிந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.