மகள் வீட்டில் பைப் உறைந்துவிட்டது, நம் வீட்டில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது

கேள்வி: சுங்கை சிப்புட்டில் 40 வருடத்து வீடு எங்களுடையது. இரண்டு மாதத்துக்கு முன்பு மூன்று நாள் தண்ணீர் வெட்டு இருந்தது. அதிலிருந்து குளியலறையில் தண்ணீர் நூல் மாதிரிதான் வருகிறது. காலையில் திறந்தால் தே ஓ (பால் விடாத தேநீர்) நிறத்தில் வருகிறது. பார்க்க வந்தவர் வீட்டு பைப் மொத்தத்தையும் மாற்றச் சொல்கிறார். இதற்கிடையே கனடாவில் இருக்கும் மகள், அங்கே பைப் உறைந்து அடுப்படியில் தண்ணீரே இல்லை, என்ன செய்வது என்று போனில் கேட்கிறாள். இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.

பதில்: அக்கா, மகள் வீட்டு விஷயம் அவசரம், அதை முதலில் பார்த்துவிடுவோம். அதற்கு முன் ஒன்று. குழாய் என்றாலும் பைப்பு என்றாலும் நமக்கு எல்லாம் ஒன்றுதான். சுவரோரம் ஓடுவதும் அதுதான், கையால் திருகுவதும் அதுதான். போனில் பாதிக் குழப்பம் இதனால்தான் வருகிறது. இங்கே நான் ஓடுவதைப் பைப் என்றும் திருகுவதைக் குழாய் என்றும் எழுதுகிறேன்.

நம் ஊரில் பைப் உறைய வழியே இல்லை. கேமரன் மலையில் 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி பதிவான 7.8 டிகிரிதான் மலேசியாவின் வானிலை நிலையங்களில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை. ஆனால் என் மச்சான் கனடாவின் எட்மன்டனில் என்னைப் போலவே பைப் வேலை செய்கிறார். அவரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது இது. அங்கே வெளியே ஏறக்குறைய மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே போய்விட்டால், வெளிச்சுவரை ஒட்டி உறை இல்லாமல் ஓடும் பைப்புக்கு ஆபத்துதான். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது 9 விழுக்காடு பெருக்கும். ஆனால் பைப் வெடிப்பது பெரும்பாலும் கட்டி இருக்கும் இடத்தில் இல்லை. கட்டி வளர வளர, அதற்கும் மூடிய குழாய்க்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீருக்கு நகர இடமிருக்காது. அழுத்தம் ஏறி, எந்த இடம் பலவீனமோ அங்கே கிழியும். அதனால் மகள் முதலில் செய்ய வேண்டியது அந்தக் குழாயைத் திறந்து வைப்பது. தண்ணீர் வராவிட்டாலும் திறந்தே இருக்கட்டும்.

அடுத்து, மற்ற குழாய்களைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அடுப்படியில் மட்டும் இல்லையென்றால் கட்டி அந்தப் பக்கத்துப் பைப்பில் இருக்கிறது. எங்குமே இல்லையென்றால் தண்ணீர் வீட்டுக்குள் நுழையும் இடத்தைப் பார்க்க வேண்டும். வீட்டின் மெயின் வால்வு எங்கே என்று கண்டுபிடித்துக் கையெட்டும்படி வைத்துக்கொள்ளட்டும். பைப் ஏற்கெனவே கிழிந்திருந்தால் கட்டி உருகும்போதுதான் அது தெரியும், அப்போது தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது. பிறகு முடி காய வைக்கும் டிரையரையோ வெந்நீரில் பிழிந்த துண்டையோ வைத்துச் சூடு காட்டலாம். குழாய்ப் பக்கமிருந்து தொடங்கி, கட்டியை நோக்கி மெதுவாகப் போக வேண்டும். அப்போதுதான் உருகிய தண்ணீர் வெளியே வர வழி இருக்கும். டிரையர் பிடிக்கிறவர் ஈரத்தில் நிற்கக் கூடாது. நெருப்பு எந்த வடிவிலும் வேண்டாம். அங்கே சுவருக்குள் மரம் இருக்கும், பற்றிக்கொள்ளும். கட்டி சுவருக்குள் இருந்து கைக்கு எட்டவில்லை என்றால் ஆளைக் கூப்பிடுவதுதான் சரி. இனிமேல் கடுங்குளிர் இரவுகளில் சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, குழாயைச் சொட்டவிட்டால் போதும். ஊருக்குப் போனாலும் ஹீட்டரை 13 டிகிரிக்குக் கீழே இறக்க வேண்டாம்.

சரி, இப்போது உங்கள் வீடு. மகளுக்குச் சொன்ன அதே வேலைதான், எங்கே தண்ணீர் இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்ப்பது. நம் பக்கத்து வீடுகளில் மீட்டரைத் தாண்டி வரும் பைப் இரண்டாகப் பிரியும். ஒன்று நேரே அடுப்படிக் குழாய்க்குப் போகும், இன்னொன்று கூரைக்குள் இருக்கும் தொட்டிக்கு ஏறும். குளியலறை, கழிவறை எல்லாம் தொட்டித் தண்ணீர். தெரு மெயினின் அழுத்தம் தொட்டியோடு முடிந்துவிடும். அதன் பிறகு தள்ளுவது உயரம் மட்டும்தான், ஒரு மீட்டருக்கு 0.1 பார். தொட்டி உங்கள் குழாய்க்கு இரண்டு மீட்டர் மேலே இருந்தால் 0.2 பார், அவ்வளவே. தெருத் தண்ணீர் முட்டித் தள்ளிக்கொண்டு வரும் சின்ன அடைப்புகூட இங்கே பெரிய தடையாகிவிடும்.

அடுப்படிக் குழாயில் 10 லிட்டர் வாளியை வையுங்கள். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் நிரம்பினால் தெருப் பக்கம் பழுதில்லை, கோளாறு தொட்டியிலோ அதற்குப் பிறகோதான். யாரையாவது ஏணியில் ஏற்றித் தொட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் மட்டம் கீழே கிடக்கிறதா, மிதவை வால்வு சிக்கியிருக்கிறதா, அடியில் சேறு தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு வாத்தியார் வீட்டில் மூன்று குழாயை மாற்றிக் காசும் வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டாம் நாள் மறுபடி கூப்பிட்டார். தொட்டியின் உடைந்த மூடி வழியே விழுந்த ரப்பர் சருகு, பைப் வாயில் பாய் விரித்த மாதிரி படிந்திருந்தது. காசைத் திருப்பிக் கொடுத்தேன். அதிலிருந்து ஏணி இல்லாமல் எந்த வீட்டுக்கும் போவதில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த மூன்று நாள் தண்ணீர் வெட்டுதான். தொட்டி காலியானதும் பைப்புக்குள் காற்று புகுந்துவிடும். பைப் எங்காவது மேடாக வளைந்து போனால் காற்று அந்த மேட்டில் உட்கார்ந்துகொள்ளும். அதைத் தள்ள 0.2 பாருக்குத் தெம்பு போதாது. அடுப்படிக் குழாயிலிருந்து ரப்பர் ஹோஸ் போட்டுக் குளியலறைக் குழாயில் இறுக்குங்கள். தொட்டித் தண்ணீர் வரும் மற்ற குழாய்களை மூடிவிட்டு, இந்த இரண்டையும் ஒரு நிமிடம் திறந்துவிடுங்கள். கூரையில் கொடகொடவென்று சத்தம் கேட்டால் காற்று தொட்டி வழியே வெளியேறுகிறது என்று அர்த்தம். பழைய பைப் என்பதால் மெதுவாகத் திறந்து, ஒழுகுகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். முடிந்ததும் ஹோஸை உடனே கழற்றிவிடுங்கள், தொட்டித் தண்ணீர் குடிதண்ணீரில் கலக்கக் கூடாது.

இனி அந்த தே ஓ நிறம். அடுப்படியிலும் நாள் முழுக்க அப்படியே வந்தால் தெரு மெயினில் கோளாறு, தண்ணீர் நிறுவனத்தில் சொல்லுங்கள். காலையில் அரை வாளி வந்து பிறகு தெளிந்துவிட்டால் அது உங்கள் பைப்பில் இரவு முழுக்கத் தங்கிய துரு. 40 வருடத்து வீடு என்றால் பெரும்பாலும் ஜிஐ பைப்தான் இருக்கும், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப். மேலே பூசிய துத்தநாகம் முதலில் கரையும், பிறகு இரும்பு துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும், அதனால் உள்ளே மேடு மேடாக வளரும். இடித்த லயத்து வீடு ஒன்றில் அரை அங்குல பைப்பை வெட்டினேன். வெளியே பார்க்கப் புதிது மாதிரி இருந்தது. உள்ளே பென்சில் நுழையும் ஓட்டைதான் மிச்சம், எல்போ வளைவில் அதுவும் இல்லை.

அதனால் வந்து பார்த்தவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். பழைய ஜிஐயில் ஒரு துண்டை மட்டும் மாற்றப் போய் ஸ்பேனரைத் திருகினால் பக்கத்துத் திருகுமரை உடையும், வேலை வளர்ந்துகொண்டே போகும். ஆனால் தொட்டியும் காற்றும் பார்த்த பிறகுதான் அந்தப் பேச்சு. மாற்றுவதாக இருந்தாலும் சுவரை உடைக்க விடாதீர்கள். பழையதை உள்ளேயே விட்டுவிட்டுப் புதியதைச் சுவர் மேல் ஓட்டலாம், நாளைக்கு ஒழுகினாலும் கண்ணுக்குத் தெரியும். வெறும் குளிர்ந்த தண்ணீருக்கு யுபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப் போதும், விலையும் குறைவு. வெயில் படும் இடத்தில் நாளாக நாளாக நொறுங்கும், பெயின்ட் அடித்துவிடுங்கள். தொட்டி வைத்த ஹீட்டர் இருந்தால் வெந்நீர்ப் பக்கத்துக்கு அது ஆகாது, இளகிவிடும். அங்கே சூடாக்கி ஒட்டும் பிபிஆர் என்ற வேறு வகை பிளாஸ்டிக் பைப்பைப் போடச் சொல்லுங்கள்.

வேலைக்குச் சம்மதம் சொல்வதற்கு முன், தொட்டியிலிருந்து குளியலறைக்கு இறங்கும் பைப்பில் ஓர் எல்போவை மட்டும் வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நீங்களே உள்ளே பாருங்கள். சுண்டுவிரல் நுழைந்தால் அந்தத் துண்டுக்கு மட்டும் காசு கொடுத்து அனுப்பிவிடுங்கள். பென்சில்தான் நுழைகிறது என்றால் எத்தனை அடி, எவ்வளவு வெள்ளி என்று எழுதி வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கச் சொல்லலாம்.