விலகுதலும் ஒப்படைத்தலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். காமராஜர் 1963இல் முதலமைச்சர் பதவியை விட்டு விலகியதைப் பற்றிச் சென்ற வாரம் நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். 2019 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பிறகு ராகுல் காந்தி காங்கிரஸ் தலைவர் பதவியை விட்டதும் அதே வகையான செயல்தான் என்றும், ஒன்றைத் தியாகம் என்று போற்றிவிட்டு மற்றதைத் தப்பித்தல் என்று இகழ்வது நேர்மையில்லை என்றும் ஒருவர் சொன்னார். தோல்வியின்போது களத்தில் நிற்பவரே தலைவர், விலகுகிறவர் தொண்டர்களைக் கைவிடுகிறார் என்றார் இன்னொருவர். எனக்கு இருவர் பேச்சிலும் நியாயம் தெரிந்தது. ஒரு தலைவரின் ராஜினாமாவை எதை வைத்து மதிப்பிடுவது? நல்ல தலைவருக்கு இலக்கணம் என்ன?

அன்புடன்,
ச., திருநெல்வேலி

அன்புள்ள ச.,

உங்கள் நண்பர்கள் இருவருமே ராஜினாமாவை அது நிகழ்ந்த ஒரு நாளின் செயலாக மட்டும் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். கடிதம் கொடுத்த நாளில் எல்லா ராஜினாமாவும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர் தன்னருகே யாரையெல்லாம் வளரவிட்டார், தன் இடத்துக்கு வந்தவரைப் பிறகு எப்படி நடத்தினார் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் வேறுபாடு புலப்படும்.

காமராஜரின் விலகலைப் பேசும்போது எல்லோரும் 1963இல் தொடங்குவார்கள். நான் 1954இல் தொடங்க விரும்புகிறேன். கல்வித் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பால் ராஜாஜி விலகியதும், சட்டமன்றக் காங்கிரஸ் கட்சித் தலைவர் தேர்தலில் காமராஜரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம். அவருக்கு ஆதரவாக நின்றவர் எம். பக்தவத்சலம். வென்ற காமராஜர் தன்னையும் சேர்த்து எட்டே பேரைக் கொண்ட அமைச்சரவையை அமைத்தபோது, அந்த எட்டுப் பேரில் இவ்விருவரும் இருந்தார்கள். ஒப்புக்கு ஒரு துறையைக் கொடுத்து அவர் யாரையும் ஓரத்தில் உட்கார வைக்கவில்லை. நிதியும் கல்வியும் சுப்பிரமணியத்திடம் இருந்தன. காமராஜர் ஆட்சியின் பெருமையாக இன்றும் நாம் சொல்லிக்கொள்ளும் பள்ளிகளின் பெருக்கம், தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட ஒருவரின் துறை வழியாகவே நடந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1963 அக்டோபர் 2 அன்று, காமராஜர் விட்டுச் சென்ற நாற்காலியில் அமர்ந்தவர் பக்தவத்சலம். எதிரணியில் இருந்தவரைப் பக்கத்தில் வைத்து, நிர்வாகத்தில் பழக்கி, பிறகு பொறுப்பையே அவரிடம் கொடுக்க முடிந்தது என்பது, விலகலைவிடப் பெரிய காரியம்.

விலகியதற்கான காரணமும் கண்ணுக்குத் தெரிவதாக இருந்தது. அந்த ஆண்டு மக்களவை இடைத்தேர்தல்களில் அம்ரோஹாவில் கிருபளானியும், பரூக்காபாத்தில் ராம் மனோகர் லோகியாவும், ராஜ்கோட்டில் மினு மசானியும் காங்கிரஸைத் தோற்கடித்திருந்தார்கள். இங்கே 1962 தேர்தலில் தி.மு.க. 50 இடங்களைப் பிடித்திருந்தது. பதவியில் இருக்கும் மூத்தவர்கள் அதை விட்டுவிட்டுக் கட்சி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று காமராஜர் சொன்னபோது, அந்த யோசனையைத் தனக்கும் பொருத்திக்கொண்டுதான் சொன்னார். மொரார்ஜி தேசாய், லால் பகதூர் சாஸ்திரி, ஜகஜீவன் ராம் உள்ளிட்ட ஆறு மத்திய அமைச்சர்களும், காமராஜர், பிஜு பட்நாயக் உள்ளிட்ட ஆறு முதலமைச்சர்களும் விலகினார்கள்.

இங்கே நான் ஒன்றை மறைக்கக் கூடாது. காமராஜரை மிகவும் மதிக்கிறவன் என்றாலும், அந்த முடிவு தமிழ்நாட்டுக்கு நன்மை செய்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பெரியார் அப்போதே அதைக் கடுமையாக எதிர்த்தார். மொரார்ஜியை ஓரங்கட்ட நேரு இத்திட்டத்தைப் பயன்படுத்திக்கொண்டார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. காமராஜர் அகில இந்தியத் தலைவராகிச் சாஸ்திரியையும் பிறகு இந்திரா காந்தியையும் பிரதமராக்கும் வேலையில் இருந்தபோது, இங்கே 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. மாணவர்களின் கொதிப்பைப் பக்தவத்சலம் அரசு சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகவே கையாண்டது. அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. 1967இல் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. காமராஜரே விருதுநகரில், மாணவர் தலைவராக அறியப்பட்டிருந்த பெ. சீனிவாசனிடம் தோற்றார். நேர்மையான விலகலும் தவறான கணக்காக முடியக்கூடும். மக்கள் முகத்தைப் பார்த்தே ஆட்சி நடத்திய ஒருவர், அவர் மிக நன்றாகச் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுச் சென்றார் என்பதே என் மனக்குறை. ஆனால் அந்த மனக்குறையை அவருடைய நேர்மையின்மீது ஏற்ற எனக்கு உரிமையில்லை.

பொறுப்பேற்பது என்பதற்கும் குற்றத்தை ஒப்புக்கொள்வது என்பதற்கும் உள்ள இடைவெளியை நமக்குக் காட்டித் தந்தவர் சாஸ்திரி. அவர் ரயில்வே அமைச்சராக இருந்தபோது, 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சேதமடைந்து, சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு ரயில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகரில் நடந்த விபத்தின்போதே அவர் விலக முன்வந்திருந்தார். நேரு அதை ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு அவர் மீண்டும் கடிதம் கொடுத்தபோது நேரு ஏற்றுக்கொண்டார். சாஸ்திரி குற்றவாளி என்பதற்காக அல்ல, அரசியல் மரபுக்கு இது ஒரு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்பதற்காகவே ஏற்பதாக விளக்கினார். ஆற்றில் வெள்ளம் வந்ததற்கு அமைச்சர் என்ன செய்வார் என்று கேட்பது எளிது. ஆனால் விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், இதற்கு யாருமே பொறுப்பில்லை என்று ஓர் அரசு சொல்ல முடியாது அல்லவா? அவளுக்குச் சொல்லப்பட்ட பதிலாகவே நான் அந்த ராஜினாமாவைப் பார்க்கிறேன்.

என் சிறு வயதில் நேரில் கண்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். என் தந்தை ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தார். அங்கே ஒரு வேலைநிறுத்தம் பலனின்றி முடிந்ததும், தொழிற்சங்கச் செயலாளர் பொதுக்குழுவில் எழுந்து, அழைத்துச் சென்றவன் நான், திரும்பி வர வழி தெரியாமல் போனதும் என் பிழை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மறுநாள் மாலை எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஒரு தகரப் பெட்டியோடு வந்தார், ஏனெனில் அடுத்த செயலாளராக என் தந்தையின் நண்பர் தேர்வாகியிருந்தார், அவரும் அங்கே இருந்தார். சந்தா ரசீதுப் புத்தகங்கள், தீர்மானப் புத்தகம், ரப்பர் முத்திரை, ஒரு துணிப்பையில் சில்லறை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, பைசா கணக்குவரை எண்ணிக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அடுத்த கூட்டத்துக்கு என்னையும் அப்பா அழைத்துச் சென்றிருந்தார். பழைய செயலாளர் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். ஒரு தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னபோது, பலர் பழக்கத்தில் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டார். எல்லோரும் முன்னால் திரும்பிய பிறகுதான் அவர் கை மேலே எழுந்தது. அவர் அப்படித் தலை குனிந்திருந்தது ஏன் என்று புரிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

இப்போது 2019க்கு வருகிறேன். தோல்விக்குப் பொறுப்பேற்று விலகியதைக் கோழைத்தனம் என்று சொல்ல நான் உடன்பட மாட்டேன். தோற்றால் வாக்குப்பெட்டியையோ வாக்காளரையோ கூட்டணிக் கட்சியையோ குறை சொல்லும் நாட்டில், என் பொறுப்பு என்று ஒரு தலைவர் எழுதிக் கொடுத்தது மதிக்கத்தக்கது. அடுத்த தலைவரைத் தானே நியமிப்பது சரியல்ல என்று அவர் சொன்னதும் சரிதான். ஆனால் அந்தக் கட்சியில், தலைவர் எழுந்து சென்றால் யார் அமர்வது என்ற கேள்விக்கு விடை தயாராக இல்லை. மே மாதம் விலக முன்வந்தார், ஜூலையில் கடிதத்தை வெளியிட்டார், ஆகஸ்டில் சோனியா காந்தி இடைக்காலத் தலைவரானார். அந்த இடைக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டியது. மல்லிகார்ஜுன கார்கே தேர்தலில் வென்று தலைவரானது 2022 அக்டோபரில்தான். கட்சியின் முக்கிய முடிவுகளில் ராகுலின் சொல்லே எடுபடுகிறது என்ற பேச்சும் அந்த ஆண்டுகள் முழுவதும் ஓயவில்லை. பதவியை விடுவதும் அதிகாரத்தை விடுவதும் ஒன்றல்ல. இரண்டாவது மிகவும் கடினமானது. இதற்கு ஒருவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை, ஏனென்றால் அடுத்த வரிசையை வளரவிடாமல் போன பல பத்தாண்டுகளின் விளைவு அது. இந்தியாவின் பெரும்பாலான கட்சிகள் இன்று அதே நிலையில்தான் இருக்கின்றன.

களத்தில் நிற்பவரே தலைவர் என்ற உங்கள் மற்றொரு நண்பரின் சொல்லையும் நான் தள்ளவில்லை. நெருக்கடியின் நடுவில் விலகுவது சில நேரங்களில் கைவிடுதலேதான். விலகுவதா நிற்பதா என்பதற்குப் பொது விதி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தான் இல்லாமலும் நடக்கும்படி ஓர் அமைப்பை ஆக்கிவைத்தவர் நின்றாலும் நல்ல தலைவர், போனாலும் நல்ல தலைவர். அப்படி ஆக்குவதற்குத் தேவையானவை மேடையில் தெரியாத குணங்கள்: தன்னைவிடத் திறமையானவரைக் கண்டு அஞ்சாமல் இருப்பது, கசப்பான செய்தியைக் கொண்டுவருகிறவரைத் தண்டிக்காமல் இருப்பது, புகழ் பங்கு போவதைத் தாங்கிக்கொள்வது.

அண்ணாவிடம் இது இருந்தது. கட்சியின் அடையாளமே தானாக இருந்த காலத்தில், பொதுச்செயலாளர் பொறுப்பை நெடுஞ்செழியனிடம் கொடுத்து, 1956இல் திருச்சி மாநாட்டில் தலைமை தாங்க வரும்படி அவரைத் தம்பி என்று அழைத்து, அவர் ஆணைக்குக் கட்டுப்படுவதாகவும் அறிவித்தார். நாற்பத்தாறு வயதிருக்கும் அப்போது அவருக்கு. ஓய்வு பெறும் வயதல்ல. 1969 பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தபோது, முதலமைச்சராகி இரண்டாண்டுகள்கூட நிறைவடைந்திருக்கவில்லை. நெடுஞ்செழியன் உடனே இடைக்கால முதலமைச்சரானார். பிப்ரவரி 10 அன்று கலைஞர் பொறுப்பேற்றார். அந்த ஒரு வாரத்தில் போட்டி இருந்தது, வருத்தங்களும் இருந்தன. ஆனால் ஆட்சி ஒரு நாளும் நிற்கவில்லை. போட்டியிடத் தகுதியுள்ளவர்கள் ஒருவருக்கு மேல் அங்கே இருந்தார்கள்.

அன்புடன்.