இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் வகுப்புக்குப் பணம் கட்டும் முன்: தருமபுரி, கிருஷ்ணகிரி பெற்றோருக்கு

பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளை பெங்களூரில் ‘இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்’ சான்றிதழ் வகுப்பில் சேர்க்கலாமா, நகையை அடகு வைத்தாவது கட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குக் கட்ட வேண்டாம். அந்த ஒரே பெயரில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. எந்த வேலைக்காகக் கட்டுகிறீர்கள் என்பது முதலில் தெளிவாக வேண்டும்.

ஒன்று, கம்பெனிகளுக்குப் பணம் திரட்டித் தருகிற வேலை. ஒரு கம்பெனி முதன்முறையாகப் பங்கு வெளியிடும்போதும், இன்னொரு கம்பெனியை வாங்கும்போதும், அதன் மதிப்பைக் கணக்கிட்டு, ஆவணம் தயாரித்து, முதலீட்டாளர்களைப் பிடித்து முடித்துக் கொடுப்பார்கள். இந்த வேலை பெரும்பாலும் மும்பையில் இருக்கிறது. ஆண்டுக்கு எடுக்கும் ஆட்கள் மிகக் குறைவு; முன்னணி ஐஐஎம் (மத்திய அரசின் மேலாண்மைக் கல்லூரிகள்) மாணவர்களும், நல்ல மதிப்பெண்ணோடு தேறிய சிஏக்களும் (பட்டயக் கணக்காளர்கள்)தான் அந்த இடங்களுக்குப் போகிறார்கள்.

மற்றது ஆபரேஷன்ஸ். வெளிநாட்டு வங்கிகள் பெங்களூரிலும் சென்னையிலும் நடத்தும் அலுவலகங்களில், பங்கு வாங்கி விற்ற கணக்கை முடித்துவைப்பது, இரு தரப்புக் கணக்கும் பொருந்துகிறதா என்று சரிபார்ப்பது, வாடிக்கையாளரின் கேஒய்சி, அதாவது அடையாளச் சரிபார்ப்பு ஆவணங்களைப் பார்ப்பது. சான்றிதழ் வகுப்புகள் பெரும்பாலும் இந்த வேலைக்குத்தான் ஆள் தயார் செய்கின்றன. மாதச் சம்பளம் வரும் நல்ல வேலைதான், குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதில் சேர்ந்துவிட்டு, அப்படியே மேலேறி முதல் வேலைக்குப் போய்விடலாம் என்று நம்பக் கூடாது. அமெரிக்காவில் 2024 மே 28 முதல் பங்குப் பரிவர்த்தனை மறு வேலைநாளிலேயே முடிய வேண்டும் என்று ஆனது. நேர வித்தியாசத்தோடு இந்த அவசரமும் சேர்வதால், அந்தச் சந்தையைப் பார்க்கும் குழுக்களில் மாலை, இரவு ஷிப்ட் இருக்கும். ஓசூரிலிருந்து தினம் போய்வர நினைத்தால், இரவு வண்டி வசதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வகுப்பு நடத்தும் நிறுவனத்தாரிடம் போனில் பேசாதீர்கள், மெயிலில் கேளுங்கள். சென்ற பேட்ச்சில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், வேலை கிடைத்தவர்கள் எத்தனை பேர்? ஆஃபர் லெட்டரில் பதவியின் பெயர் என்ன, நிலையான சம்பளம் எவ்வளவு? ‘நூறு சதவீத வேலை உறுதி’ என்றால், வேலை கிடைக்காதபோது எத்தனை நாளில் பணம் திரும்பும், எந்த நிபந்தனையில் திரும்பாது? தவணை வசதி என்பார்கள். அது பல இடங்களில் ஒரு நிதி நிறுவனத்தின் கடன். மகள் பாதியில் நின்றாலும் கடன் உங்கள் தலையில்தான். எழுத்தில் பதில் தராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

ஆபரேஷன்ஸ் போதும் என்றால், அதற்கு லட்சங்கள் தேவையில்லை. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி நிறுவிய என்ஐஎஸ்எம் என்ற பயிற்சி நிறுவனம் நடத்தும் ஏழாம் வரிசைத் தேர்வு, அதாவது பங்கு ஆபரேஷன்ஸ் மற்றும் இடர் மேலாண்மை, இந்த வேலைக்கே உரியது. கட்டணம் சில ஆயிரங்களைத் தாண்டாது, சான்றிதழ் மூன்று ஆண்டு செல்லும். அதோடு எக்செலில் பிவட், லுக்-அப், பேசிப் பழகிய ஆங்கிலம், அரியர் இல்லாத டிகிரி இருந்தால் கேம்பஸ் தேர்வுக்கே போகலாம்.

கம்பெனிகளுக்குப் பணம் திரட்டும் அந்த முதல் வகை வேலைதான் வேண்டும் என்று மகள் உறுதியாகச் சொன்னால், பாதை நீளம். அரசுக் கல்லூரியில் பி.காம். படிப்பது அதற்குத் தடையில்லை. 55 சதவீதத்துக்குக் குறையாமல் பி.காம். முடித்தால், சிஏ ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டுக்குப் பதியலாம். இன்டரில் ஆறு தாள், பிறகு இரண்டு ஆண்டு ஆர்டிகிள்ஷிப் (ஆடிட்டர் அலுவலகத்தில் வேலைப் பயிற்சி), பிறகு ஃபைனலில் ஆறு தாள். ஆர்டிகிள்ஷிப்பை எங்கே செய்கிறாள் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வீட்டுக்குப் பக்கம் என்று வெறும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் அலுவலகத்தில் இரண்டு ஆண்டு கழித்தால், நேர்காணலில் சொல்ல ஒன்றும் இருக்காது. கம்பெனி ஆடிட், மதிப்பீடு, டியூ டிலிஜென்ஸ் (ஒரு கம்பெனியை வாங்கும் முன் அதன் கணக்கைத் துருவிப் பார்ப்பது) செய்யும் பெங்களூர் அல்லது சென்னை அலுவலகம் பாருங்கள்.

இன்னொரு வழி, கேட் என்ற நுழைவுத்தேர்வு எழுதி முன்னணி ஐஐஎம்மில் எம்பிஏ. நவம்பரில் தேர்வு, மூன்று பிரிவு, பிரிவுக்கு 40 நிமிடம். பத்தாம் வகுப்பு முதல் டிகிரி வரை எல்லா மதிப்பெண்ணையும் பல ஐஐஎம்கள் பார்க்கின்றன. தமிழ்வழியில் வந்த பிள்ளைகளைத் தடுக்கி விடுவது பெரும்பாலும் ஆங்கில வாசிப்புப் பகுதி. இன்றைக்கே தினம் ஒரு தலையங்கம் படிக்க ஆரம்பித்தால்தான் ஓராண்டில் கை வரும்.

இரண்டு பாதைக்கும் பொதுவான பயிற்சி ஒன்று உண்டு, காசு செலவில்லை. போச்சம்பள்ளி அருகே ஸ்கூட்டர் ஆலை வைத்திருக்கும் ஓலா எலக்ட்ரிக், 2023 டிசம்பரில் செபியிடம் பங்கு வெளியீட்டுக்கான வரைவு ஆவணம் தாக்கல் செய்து, 2024 ஆகஸ்டில் பங்கை 76 ரூபாய்க்கு வெளியிட்டது. ஆவணம் செபி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நூற்றுக்கணக்கான பக்கங்கள், முழுதும் வேண்டாம். இடர்க் காரணிகள், திரட்டும் பணம் எதற்கு, விலைக்கு அடிப்படை, நிதி அறிக்கை ஆகிய நான்கையும் படித்து, பக்கத்துக்கு நான்கு வரி குறிப்பு எடுக்கட்டும். தெரிந்த ஊரின் ஆலையைப் பற்றிப் படிக்கும்போது எண்கள் மனதில் நிற்கும். அடுத்து டைட்டன், டிவிஎஸ் மோட்டார் போன்ற ஓசூர் ஆலைக் கம்பெனிகளின் ஆண்டறிக்கையை எடுத்து, ஐந்தாண்டு எண்களை எக்செலில் தானே ஏற்ற வேண்டும். இலாப நட்டக் கணக்கு, ரொக்க ஓட்டம், இருப்புநிலைக் குறிப்பு மூன்றையும் சூத்திரத்தால் இணைக்க வேண்டும். சூத்திரத்துக்குள் எண்ணைக் கையால் தட்டிவைத்தால் மறுநாள் தவறு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. எண்களுக்குத் தனிக் கட்டம் வேண்டும்.

நேர்காணலில் விடாமல் வரும் கேள்வி: தேய்மானம் (இயந்திரம் போன்ற சொத்து பழசாவதற்காகக் கணக்கில் கழிக்கும் தொகை) 10 கூடினால் என்ன ஆகும்? வரி 25 சதவீதம் என்று வைத்தால், நிகர இலாபம் 7.5 குறையும். ரொக்க ஓட்டத்தில் தேய்மானம் 10 திரும்பக் கூட்டப்படுவதால், கையிருப்பு 2.5 உயரும். இருப்புநிலைக் குறிப்பில் சொத்து 10 குறைந்து ரொக்கம் 2.5 கூடும், ஆக 7.5 குறைவு. மறுபக்கம் தக்கவைத்த இலாபமும் (கம்பெனியிலேயே விட்டுவைத்த இலாபம்) 7.5 குறைவதால் இரண்டும் சமமாகும். ரொக்கம் ஏன் கூடுகிறது, வரி குறைந்ததால்தான், என்று அவள் தானாகச் சொல்ல வேண்டும். விடையை மனப்பாடம் செய்தவர்கள் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வார்கள்.

ஐஐஎம் கட்டணத்தைக் கேட்டு அஞ்ச வேண்டாம். பிஎம் வித்யாலக்ஷ்மி திட்டத்தில், பட்டியலிட்ட உயர்கல்வி நிறுவனங்களுக்குப் பிணையோ ஜாமீனோ இல்லாமல் கல்விக்கடன் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் வரை இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்தில் வட்டியில் 3 சதவீதச் சலுகையும் கிடைக்கும்.

நீங்கள் பிசி அல்லது எம்பிசி பிரிவு என்றால், பள்ளியில் வாங்கிய மாநிலச் சாதிச் சான்றிதழ் கேட் விண்ணப்பத்துக்குப் போதாது. மத்தியப் பட்டியலில் உங்கள் சாதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி நான்-கிரீமிலேயர் (பிற்படுத்தப்பட்டோரில் வசதி மிகுந்த பிரிவில் வராதவர்) சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். வருமான வரம்பு 8 லட்சம். பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அதில் சேராது. பழைய சான்றிதழ் செல்லாமல் போகலாம் என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்குங்கள். கேட் பதிவு பொதுவாக ஆகஸ்டில் தொடங்கும். ஜூனிலேயே தாலுகா அலுவலக வேலையை முடித்துவிடுங்கள்.