பெயர் சிறுசேரியோடு சரி, சாலை அப்படியில்லை

கேள்வி: மாநில நெடுஞ்சாலைகளுக்கு எண் எதற்கு? எண்ணைச் சொல்லி வழி கேட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. தலைவர்கள் பெயரைச் சூட்டி, அதையே பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டால் போதாதா?
– வாசகர் ஒருவர், திண்டிவனம்

பதில்: சூட்டிய பெயரைச் சொல்லி வழி கேட்டவரை மட்டும் பார்த்துவிட்டீர்களாக்கும்! சென்னையில் ஷேர் ஆட்டோக்காரரிடம் 'ராஜீவ் காந்தி சாலை போகுமா?' என்று கேட்டுப் பாருங்கள். 'ஓ.எம்.ஆரா சார்?' என்பார், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையா என்று. இத்தனைக்கும் பலகைக்குப் பஞ்சமே இல்லாத சாலை அது. தவிர, அந்தப் பெயர் மத்திய கைலாஷில் தொடங்கிச் சிறுசேரியோடு நின்றுவிடுகிறது. சாலையோ மாமல்லபுரம் வரை போகிறது. திருப்போரூர்ப் பக்கம் வண்டி கவிழ்ந்தால் எந்தத் தலைவர் பெயரைச் சொல்லி 108-ஐக் கூப்பிடுவீர்கள்?

அந்தச் சாலையின் எண் 49ஏ. பக்கத்தில் ஓடும் ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை 49.

எண்ணோடு கிலோமீட்டர் கல்லும் சேர்ந்தால்தான் அதன் அருமை தெரியும். தலையில் பச்சை அடித்திருந்தால் மாநில நெடுஞ்சாலை, மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. இரண்டு கல்லுக்கு நடுவில் 200 மீட்டருக்கு ஒன்றாக 2, 4, 6, 8 என்று சின்னக் கற்கள் நட்டிருப்பார்கள். ஆடு உரசிக்கொண்டு நிற்குமே, அதுதான். சாலை எண், கல்லின் எண், சின்னக் கல்லின் எண் மூன்றையும் சொன்னால் இடம் துல்லியமாகக் கிடைத்துவிடும். 'புளியமரம் தாண்டி, மூடிக் கிடக்கிற டீக்கடைக்கு எதிரே' என்றெல்லாம் அழ வேண்டியதில்லை. குண்டும் குழியுமான சாலைக்கு மனு போடவும் இதுவே வழி. பச்சைத் தலை என்றால் மாநில நெடுஞ்சாலைத் துறையைப் பிடிக்க வேண்டும். மஞ்சள் என்றால் பொறுப்பு டெல்லி வரை நீளும்.

எண் போடுகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். தேசிய நெடுஞ்சாலைகளுக்கு எண் போட 2010-ல் புது முறை ஒன்றை வகுத்தார்கள். வடக்கு தெற்காகப் போவதற்கு இரட்டைப்படை, கிழக்கு மேற்காகப் போவதற்கு ஒற்றைப்படை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் ஊர் வழியாகச் சென்னையிலிருந்து திருச்சிக்குப் போன பழைய 45 என்ன ஆயிற்று? திண்டிவனம் வரை 32, அங்கிருந்து விழுப்புரம் வரை 132, அதற்கப்புறம் 38. ஒரே நேர்ச்சாலையில் மூன்று எண்! ஜனங்கள் இன்னும் 'ஜி.எஸ்.டி. ரோடு' என்றே சொல்வதில் வியப்பென்ன? ஈ.சி.ஆரும் தப்பவில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே புதுச்சேரி வரை தேசிய நெடுஞ்சாலையாகி, 332ஏ என்று வேறு எண் வாங்கிவிட்டது. நம் மாநில நெடுஞ்சாலைகளிலோ, எண்ணைப் பார்த்துத் திசையைச் சொல்லவே முடியாது.

இருந்தாலும், எண்ணை யாரும் சொல்வதில்லை என்ற உங்கள் வாதத்தை ஏற்க மாட்டேன். கண்ணில் பட்டால்தானே வாயில் வரும்? மாநிலச் சாலையின் எண்ணை முழங்கால் உயரக் கல்லில் எழுதிவைத்துவிட்டு, தலைக்கு மேலே தொங்கும் பச்சைப் பலகையில் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன் குனிந்து கல்லையா படிப்பான்? தலைவர் பெயர்ப் பலகையைச் சாலை தொடங்கும் இடத்தில் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் வைக்கட்டும். சந்திப்புக்கு முன்னால் வைக்கிற பலகையில் எண்ணுக்கு ஒரு மூலையாவது ஒதுக்கட்டும்.