காலில் முள் குத்தினால் ஒளிந்துகொள்ளும் பிள்ளை

கேள்வி:

ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. முற்றத்திலேயே என் கணவர் மரப்பட்டறை வைத்திருக்கிறார். அயினி, பிலா, தேக்கு என்று எப்போதும் பலகை அறுத்துக் கிடக்கும். மகனுக்கு 2 வயது 9 மாதம். செருப்பு போட்டுவிட்டால் அடுத்த நிமிடமே கழற்றி எறிந்துவிட்டு மரத்தூளில் ஓடுவான். காலில் சிலாம்பு ஏறாத வாரம் கிடையாது. முற்றத்தைத் தாண்டினால் தொட்டாவாடி முள்.

முன்பெல்லாம் அவனே காலை நீட்டிக் காட்டுவான். போன சித்திரையில் குதிகாலில் கொஞ்சம் ஆழமாக ஒரு சிலாம்பு ஏறிவிட்டது. மாமி இரண்டு கையையும் அமுக்கிக்கொள்ள, பக்கத்து வீட்டு அக்கா காலைப் பிடிக்க, நான் ஊக்கால் எடுத்தேன். நெடுநேரம் ஆயிற்று. கத்திக் கத்தி அவனுக்கு வாந்தியே வந்துவிட்டது. அதிலிருந்து காலைத் தொடவே விடுவதில்லை. குளிப்பாட்டும்போது பாதத்தில் சோப்பு போட்டால்கூட மடக்கிக்கொள்கிறான். நகம் வெட்ட வேண்டுமென்றால் உறங்கும்வரை காத்திருக்கிறேன். போன வாரம் நொண்டி நொண்டி நடந்தான். “முள்ளு குத்திட்டா மக்களே?” என்று கேட்டதும், “முள்ளு இல்ல, முள்ளு இல்ல” என்று கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான். இப்போதும் அந்தக் காலை முழுதாக ஊன்றுவதில்லை.

“பிள்ளைன்னா அழத்தான் செய்யும், பிடிச்சு வச்சு எடுத்துட்டா முடிஞ்சுது. இல்லேன்னா எருக்கம்பாலை வை, தன்னால வெளிய வந்துரும்” என்கிறார் மாமி. என் கணவர் தன் கையில் ஏறும் சிலாம்பை நொடியில் எடுத்துவிடுவார். மகன் அழுதால் மட்டும் அவருக்குத் தாங்காது, தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். பக்கத்து வீட்டு அக்கா, “ஊசி போடுற டாக்டர் வாறாரு” என்று பயம் காட்டுகிறார்.

அன்று அமுக்கிப் பிடித்தது அவன் மனதில் தங்கிவிடுமா? என்னை நம்பாமல் போய்விடுவானா? எடுக்காமல் விட்டால் பழுத்துவிடுமே, நான் என்ன செய்ய?

— ஒரு தாய், குலசேகரம் அருகே

பதில்:

அன்புள்ள சகோதரி,

மனதைப் பற்றிப் பேசும் முன் காலைப் பார்த்துவிடுவோம். ஒரு வாரமாகியும் அவன் காலை முழுதாக ஊன்றவில்லை என்றால் உள்ளே ஏதோ தங்கியிருக்க வாய்ப்பு உண்டு. வீட்டில் தோண்டிப் பார்க்காமல் நாளைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். சிவந்து, வீங்கி, தொட்டால் சூடாக இருந்தாலோ, சீழோ காய்ச்சலோ இருந்தாலோ இன்றைக்கே போக வேண்டும். “மரச்சிலாம்பாக இருக்கலாம்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மரம் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது, ஸ்கேனில்தான் தெரியும். 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய டிபிடி பூஸ்டர் போட்டாயிற்றா என்று தடுப்பூசி அட்டையையும் பார்த்துவிடுங்கள். ரணஜன்னிக்கு (டெட்டனஸ்) எதிரான பாதுகாப்பு அதில் இருக்கிறது.

சரி, இனி பிள்ளையின் பயம். இந்த வயதில் குழந்தைகள் எதற்கெடுத்தாலும் “நானே” என்பார்கள். தன் உடம்பு தன் சொல் கேட்கிறது என்பதை அவர்கள் கண்டுபிடிக்கும் காலம் இது. எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர், ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுவரையான பருவத்துக்குத் தன்னாட்சியைத்தான் மையமாக வைத்தார். அப்படிப்பட்ட வயதில் மூன்று பெரியவர்கள் மல்லாக்கப் போட்டு அமுக்குகிறார்கள். எதற்கு, எவ்வளவு நேரம், எப்போது முடியும் என்று அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஊக்கு குத்திய வலியை அவன் மறந்துவிடுவான். முடிவே தெரியாமல் மாட்டிக்கொண்ட அந்தத் திகிலைத்தான் அவன் கால் இன்னும் நினைவில் வைத்திருக்கிறது.

இது நிலைத்துவிடுமா என்று கேட்டீர்கள். இவ்வளவு சின்ன வயதில் நடந்ததைப் பிள்ளைகள் பிற்பாடு கதையாக நினைவு வைத்திருப்பது அரிது. பயம் மட்டும் கொஞ்ச காலம் உடம்பில் தங்கும். நல்ல அனுபவங்கள் அடுக்கடுக்காக வந்தால் அதுவும் இளகும். பயந்தாலும் அழுதாலும் இன்னமும் உங்களிடம்தானே ஓடி வருகிறான்? ஒரு நாளைய சம்பவம் அந்த உறவை உடைத்துவிடாது.

எனக்குக் கவலை தருவது அவன் ஒளிந்துகொண்டதுதான். அடிபட்டால் வந்து சொல்லும் பிள்ளையாக அவனை மறுபடி ஆக்க வேண்டும். ஒரு சிலாம்பு ஒரு நாள் பிந்தி வந்தால் பரவாயில்லை, அவன் சொல்லாமல் மறைக்கப் பழகிவிடக் கூடாது. இனி அவனாக வந்து “குத்திட்டு” என்று சொன்னால் உடனே ஊக்கைத் தேடாதீர்கள். “சொன்னியே மக்களே, நல்ல காரியம்” என்று மடியில் வையுங்கள். எங்கே குத்தியது என்று அவனே விரலால் காட்டட்டும்.

முள் இல்லாத நாட்களில்தான் பெரிய வேலை இருக்கிறது. குளிக்கும் முன் பாதத்தில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அவன் “போதும்” என்றால் அந்தக் கணமே கையை எடுத்துவிடுங்கள். தன் சொல்லுக்கு அம்மா கட்டுப்படுகிறாள் என்பது அவனுக்குத் திரும்பத் திரும்பத் தெரிய வேண்டும். அடுத்து உங்கள் கணவர். தன் கையில் சிலாம்பு ஏறும்போது நொடியில் எடுத்துப் போடாமல், மகனைக் கூப்பிட்டு டார்ச் பிடிக்கச் சொல்லட்டும். “ஆ, வலிக்கு” என்று உண்மையாகவே சொல்லட்டும். எடுத்தபின் “இப்ப சரியாயிட்டு” என்று சொல்லி, சிலாம்பை அவன் கையில் கொடுத்து எறியச் சொல்லட்டும். நம் அறிவுரை எதையும்விட இந்தக் காட்சி அவனுக்குப் புரியும். அப்பாவும் அழுகையிலிருந்து தப்பி ஓடாமல் உள்ளே வர இது ஒரு வழி.

அடுத்த சிலாம்பு ஏறும்போது, தோலின் மேலாக, வலியில்லாமல் இருக்கும் மயிரிழை முள்ளென்றால் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு விடலாம். தோல் உரியும்போது தானே வந்துவிடும். எடுத்தே ஆக வேண்டியதென்றால் வெளிச்சம், ஸ்பிரிட்டால் துடைத்த ட்வீசர், பஞ்சு எல்லாம் தயாரானபின் அவனைக் கூப்பிடுங்கள். பசியும் உறக்கமும் இல்லாத நேரமாக இருக்கட்டும். காலையிலேயே சொல்லிச் சாயங்காலம்வரை பயத்தோடு அலையவிட வேண்டாம், தொடங்குவதற்குச் சற்று முன் சொன்னால் போதும். “கொஞ்சம் வலிக்கும். அம்மை பத்து வரைக்கும் எண்ணுவேன். பத்துல நிறுத்திருவேன்.” இதைச் சொன்னால், பத்தில் சிலாம்பு பாதி வெளியே வந்திருந்தாலும் கையை எடுத்தே ஆக வேண்டும். மூச்சு வாங்கட்டும், தண்ணீர் குடிக்கட்டும், அப்புறம் இன்னொரு பத்து. முடிவு எப்போது என்று தெரிந்தால் பிள்ளைகள் வியக்கும் அளவுக்குத் தாங்குவார்கள்.

படுக்க வைக்காதீர்கள். அப்பா மடியில் நெஞ்சோடு சாய்ந்து நிமிர்ந்து உட்காரட்டும். தடுப்பூசி போடும்போதுகூட மல்லாந்து கிடக்கும் குழந்தையைவிட அணைத்துப் பிடித்த குழந்தை குறைவாக அழுவதைக் கண்டிருக்கிறார்கள். “ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்று நாம் அடுக்குவது பெரும்பாலும் பயத்தைக் கூட்டவே செய்யும். அதற்குப் பதில் சோப்புக் குமிழி ஊதக் கொடுங்கள். நீளமாக மூச்சு விடும்போது உடம்பு தளரும்.

சிலாம்பை எடுக்கும் முறையைப் பொறுத்தவரை சில விஷயங்கள். மரச்சிலாம்பை நெடுநேரம் தண்ணீரில் ஊறவைத்தால் அது உப்பி உடையும், எனவே கழுவித் துடைத்தால் போதும். எந்தச் சாய்வில் ஏறியதோ அதே சாய்வில் இழுக்க வேண்டும். பிதுக்கக் கூடாது. முனை தெரியாவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் மேல்தோலை லேசாக நீக்கலாம். இரண்டு தடவை பார்த்தும் வரவில்லையென்றால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். நகத்துக்குள் ஏறியது, ஆழமானது, கண்ணாடித் துண்டு ஆகியவற்றை வீட்டில் தொடவே வேண்டாம். மருத்துவரிடம் பிடித்துத்தான் ஆக வேண்டிய நிலை வந்தால் நீங்களே அணைத்துப் பிடியுங்கள். கோபமில்லாத உறுதியான கை வேறு, அமுக்கும் கை வேறு, அது பிள்ளைக்குத் தெரியும்.

உறங்கும்போது எடுத்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். உங்கள் பையனுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். பாதி உறக்கத்தில் வலியோடு விழித்தால் உறக்கத்தையும் பயப்படத் தொடங்குவான்.

எருக்கம்பால் வேண்டவே வேண்டாம். அது தோலைப் புண்ணாக்கும். காலைத் தொட்ட கையால் பிள்ளை கண்ணைத் தேய்த்தால் கருவிழி பாதிக்கும். இதை மாமியிடம் சண்டையாகச் சொல்லாமல், அவருக்கு வேறு பொறுப்பு கொடுங்கள். பத்து எண்ணுவது அவராகவே இருக்கலாம். பிடிக்கும் வேலையிலிருந்து எண்ணும் வேலைக்கு மாறிய பாட்டியைப் பிள்ளை வேறு விதமாகப் பார்ப்பான். டாக்டரைச் சொல்லிப் பயம் காட்டும் அக்காவிடம் மட்டும் கண்டிப்பாக நிறுத்தச் சொல்லிவிடுங்கள். நாளைக்கே அவனை டாக்டரிடம் கொண்டுபோக வேண்டியிருக்கிறதே.

ஒன்றிரண்டு மாதம் இப்படிப் பழக்கியும் காலைக் கழுவவே விடவில்லை, இரவில் அலறி எழுகிறான், நடக்கவே தயங்குகிறான் என்றால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் காட்டி, இந்தக் கடிதத்தில் எனக்கு எழுதியதை அப்படியே அவர்களிடமும் சொல்லுங்கள்.